ஆறு வடியும்வரை

ஞாயிறு, இரவு

தனியாகச் சுற்றப் போயிருந்த மெர்சிங் பக்கத்துக் காட்டிலிருந்து இன்றுதான் மாசாயில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தேன். நேற்றே வந்திருக்க வேண்டும். மழையில் ஆறு பெருகி வழியை மூடிவிட்டது. கைப்பேசியும் அணைந்துபோனது. மேட்டில் கூடாரம் போட்டு, தண்ணீர் வடியும்வரை தனியாக இருந்தேன்.

வாசலிலேயே அண்ணன் கத்தினான்.

"இப்பதான் போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணிட்டு வரேன். செத்துப் போயிருந்தா?"

"நீ கூட்டாளிங்களோட மீன் பிடிக்கப் போயி ரெண்டு நாள் வராம இருந்தப்ப யாருண்ணே கத்துனா?"

"நான் ஆம்பள லா."

"ஆத்துக்கு அது தெரியுமா?"

அவன் விருட்டென்று உள்ளே போய்விட்டான்.

அம்மா சோறு போட்டாள். நான் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"பயந்துட்டியாடி?"

"பயந்தேம்மா. ராத்திரி பூரா தண்ணி சத்தம். ஆனாலும் அங்க இருக்கப் பிடிச்சுது."

ஃபேக்டரியிலும் வீட்டிலும் நாள் முழுவதும் யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே யாரும் கூப்பிடவில்லை. அதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?

அவளைத் தவிக்கவிட்டதற்கு வருந்துகிறேன். போனதற்கு வருந்தவில்லை.

தட்டை எடுக்கும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த தடவ எந்தப் பக்கம்னு எங்கிட்டயாவது சொல்லிட்டுப் போ."

அறையிலிருந்து அண்ணன், "அம்மா!" என்று அலறினான்.

அலறட்டும். நான் போகத்தான் போகிறேன்.