நாலாம் பாகம்

என் வீட்டு மேலதிகாரிக்கு,

நான் சௌக்கியம். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இந்த ஊர்க் கச்சேரி மண்டபத்தில் நாற்காலி போடுகிற எனக்குப் போன வாரம் யோகம். பியானோவுக்குப் பேர்போன அந்தக் காலத்து மேதை ஒருவர், பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதி, யாரும் சீந்தாமல் விட்ட நாலு பாக இசையை வாசித்தார்கள். வந்ததே பதினாறு பேர். "நீயும் போய் உக்காருப்பா" என்றார் மேலாளர்.

மூன்றாம் பாகத்தில் புல்லாங்குழல் ஓயாமல் குறை சொன்னது, பெரிய பிடில்கள் "சரி, சரி" என்று முணுமுணுத்தன. அப்படியே நம் வீடு! அது நின்றதும் எழுந்து கை தட்டிவிட்டேன். சீருடைக்காரனே தட்டுகிறானே, கச்சேரி முடிந்தது என்று பதினாறு பேரும் கோட்டுகளை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இன்னும் ஒரு பாகம் பாக்கி! குழுவை நடத்துகிறவர் திரும்பி முறைத்தார். "நீயாவது உக்காரு" என்றார். அறுபது பேர் எனக்கு மட்டும் வாசித்தார்கள். அந்த நாலாம் பாகம்தான் இருப்பதிலேயே அருமை. பக்கத்து நாற்காலிதான் காலி. வேலை போகவில்லை, பயப்படாதே.

ஒரு சின்ன உதவி. காலையில் சமைக்கும்போது போனை அலமாரியில் வைத்து, பாத்திரச் சத்தம், என்னைத் திட்டுவது எல்லாவற்றையும் பதிவு செய்து அனுப்பு.

நாற்காலி அடுக்கக் கூப்பிடுகிறார்கள். மறக்காதே, முழுசாகக் கேட்பேன். நடுவில் கை தட்டமாட்டேன்.

உன் பெரிய பிடில்