நீ சொன்ன ‘ஓம்’

கெல்சென்கிர்ச்சன்
04.02.2025

திரு. அருட்பிரகாசம் அவர்களுக்கு,

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். ஒன்றரை வருடமாக உங்கள் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு உங்கள் மனைவி பிளோறன்ஸ் அனுப்பிய கேக்கைப் பெட்டி உடைக்காமலே கோவிலில் கொடுத்தேன். நீங்கள் ஹம்பேர்க்குக்குக் குடிபோனதைக்கூட மூன்றாம் ஆளிடம்தான் அறிந்தேன். இனி எழுதித்தான் ஆகவேண்டும். என் வழக்கு மே பதினான்காம் திகதி நீதிமன்றத்துக்கு வருகிறது.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்கிறேன். நீங்கள் எதையும் ஒழுங்காக நினைவில் வைப்பவர் அல்ல.

வேட்டைக்கான பரீட்சையை இந்த நாட்டு மொழியில் எழுதி, முதல் தடவையிலேயே சித்தியடைந்தவன் நான். என்னிடம் ஒரு ரிவோல்வர் இருந்தது. காயப்பட்டுக் கிடக்கும் மிருகத்தின் வேதனையை முடிக்க மட்டுமே அதை இங்கே பாவிக்கலாம். வீதியில் கார் மோதிய மானுக்காகப் பொலிஸார் விடியற்காலையில் என்னை அழைப்பார்கள். உண்மையைச் சொன்னால், என்னைத் தேடித் தொலைபேசி எடுத்தவர்கள் அவர்கள் மட்டும்தான். ஐம்பது வயது தாண்டியபின் துப்பாக்கி முனையின் குறி எனக்கு மங்கலாகிவிட்டது. ஒரு பெண்மானுக்கு இரண்டு குண்டு தேவைப்பட்டது. அந்த இரண்டாவது குண்டு என்னைத் தூங்கவிடவில்லை. அடிபட்ட பன்றி என்றால் கிட்டவும் போக முடியாது. அதனால்தான் ரிவோல்வருக்கு ஒரு ஸ்கோப், குறிபார்க்கும் தொலைநோக்கி, வாங்கினேன்.

அதைத் துப்பாக்கியில் பூட்ட உங்களிடம் வந்தேன். உலோக வேலையில் முப்பது வருடம் இருந்த கை உங்களுடையது. உங்கள் சமையலறை மேசையில் வைத்துப் பூட்டினோம். அடுத்த சனிக்கிழமை சுடுதளத்தில் குறி சரிபார்த்தோம். இருபத்தைந்து மீற்றரில் மூன்று குண்டு சுட்டேன். நீங்கள் தூரக்கண்ணாடியில் பார்த்து, “மச்சான், அரைச் சாண் கீழ, நாலு விரல் இடப்பக்கம்” என்றீர்கள். சாணையும் விரலையும் சென்ரிமீற்றராக்கி, சென்ரிமீற்றரை ஸ்கோப் திருகியின் கிளிக்காக்கி, மேலே நாற்பத்து நான்கு, வலப்பக்கம் இருபத்தெட்டு என்று திருகினேன். அடுத்த மூன்றும் ஒரு யூரோ நாணயக் குற்றிக்குள் அடங்கின. நீங்கள் குழந்தைபோலக் கைதட்டினீர்கள். அதோடு நின்றிருக்கலாம். தளப் பொறுப்பாளர் பக்கத்தில் வந்ததும், “நான்தான் பூட்டினேன், என் குசினியில்!” என்று உங்கள் ஜெர்மனில் பெருமையடித்தீர்கள்.

அவர் அறிவித்தார். ஆயுத அலுவலகம் நம் இருவரையும் தனித்தனியே விசாரித்தது. அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவரிடம் நான் துப்பாக்கியைத் தனியே விட்டுப் போனேனா என்று உங்களிடம் கேட்டார்கள். நீங்கள் சொன்னது, “யா, யா.” ஆம், ஆம் என்று. அதைக் கேட்டு என் ஆயுத அனுமதியைப் பறித்தார்கள்; அதை எதிர்த்துத்தான் இந்த வழக்கு. துப்பாக்கிகளை விற்கச் சொன்னார்கள். காட்டில் என் வேட்டை மேடையில் இப்போது வேறொருவன் இருக்கிறான்.

ஒருவர் பேசும்போது இடையில் “ஓம், ஓம்” என்பது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அடையாளம் மட்டுமே; முப்பத்தைந்து வருடமாக நீங்கள் அதையே ஜெர்மனில் “யா, யா” என்று சொல்லி வருகிறீர்கள். இதை எழுத்தில் தந்து கையெழுத்திடுங்கள். கூடவே, நான் அறையை விட்டு வெளியே போகவில்லை என்றும் எழுதுங்கள். என் சட்டத்தரணிக்கு இரண்டும் வேண்டும்.

இப்படிக்கு,
சூ. கொட்வின்

—

ஹம்பேர்க்
16.02.2025

அன்பு மச்சான் கொட்வின்,

உன்ர கையெழுத்தைத் தபால்பெட்டியில கண்டதும் படியிலயே இருந்திட்டன். பிளோறன்ஸ் பயந்துபோனா. “ஆரப்பா, ஆர் செத்தது?” எண்டு கேட்டா. “ஒருத்தரும் சாகேல்லை, கொட்வின் எழுதியிருக்கிறான்” எண்டன். “அப்ப ஏன் அழுறியள்?” எண்டா. எழுத்துத் தமிழ் எனக்கு வராது மச்சான், கதைக்கிற மாதிரியே எழுதிறன், பொறுத்துக்கொள். “திரு.” எண்டு போட்டிருக்கிறாய். எனக்கு “திரு.” போட்டு எழுதினது நீயும் வரி அலுவலகமும்தான்.

நாங்கள் மகள் நிலக்சியின்ர வீட்டுக்குக் கிட்ட இருக்கிறம். ஸ்ரேசனடியில தமிழ்க் கடை இருக்கு, முருங்கைக்காய் வரும், ஆனா முத்தல். முழங்கால் ஏலாது. மற்றபடி சுகம்.

நீ சொல்லுறது சரிதான். எனக்கு அந்தப் பழக்கம் இருக்கு. அந்த அலுவலகத்து மனிசி கேள்வியை நீட்டி நீட்டிக் கேட்டுது, நான் ஒவ்வொரு துண்டுக்கும் “யா, யா” எண்டு கொண்டிருந்தன். டொக்டரிட்டயும் அப்பிடித்தான். ஒருக்கா வயித்துக்கு ஓப்பிரேசன் செய்ய நாள் குறிச்சு டெர்மின் போட்டவங்கள், நிலக்சிதான் ஓடிப்போய் நிப்பாட்டினவள். அதை எழுதித் தாறன், கையெழுத்தும் வைக்கிறன். சுடுதளத்தில நான் வாய் காட்டினது பிழை. அதுக்கு உன்னட்ட ஆயிரம் தரம் மன்னிப்புக் கேக்கலாம்.

மற்ற விசயம், நீ வெளிய போகேல்லை எண்டதை, நேரில கதைப்பமோ? ஒரு நாள் வா. ரெயில் ரிக்கற் நான் எடுத்து அனுப்பிறன். பிளோறன்ஸ் நண்டு வாங்குவா.

என்றும் உன் மச்சான்,
அருள்

—

கெல்சென்கிர்ச்சன்
24.02.2025

திரு. அருட்பிரகாசம் அவர்களுக்கு,

நண்டு சாப்பிட வர எனக்கு நேரமில்லை. நேரில் கதைக்க வேண்டிய விடயமும் எதுவும் இல்லை.

அன்று என்ன செய்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன், உங்களுக்கு உதவியாக இருக்கும். ரிவோல்வரில் குண்டு இல்லை என்பதை நான் திறந்து காட்டினேன், நீங்களும் பார்த்தீர்கள். திருகாணிகளை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய் நீக்கினோம். ஸ்கோப்பைத் தாங்கும் அடிக்கட்டையைப் பூட்டினோம். கீழ் வளையங்களில் ஸ்கோப்பை வைத்து, நான் கையை முழுதாக நீட்டிப் பிடித்து, எங்கே வைத்தால் படம் விளிம்பில் கறுக்காமல் தெரிகிறது என்று முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தேன். நீங்கள் நீர்மட்டம் வைத்துக் குறுக்குக் கோட்டை நேராக்கினீர்கள். பின்னர் மேல் வளையங்களைப் போட்டு, நான்கு திருகாணிகளையும் மூலைக்கு மூலை சிறிது சிறிதாக இறுக்கினீர்கள். இதில் எந்த இடத்திலும் நான் வெளியே போனதாக இல்லை. அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று. விசாரணையின் முடிவில் உங்கள் வாக்குமூலத்தை வாசிக்கத் தந்திருப்பார்கள். நீங்கள் வாசிக்காமல் கையெழுத்திட்டிருப்பீர்கள். அதையும் எழுத வேண்டும். உங்கள் சோம்பல் எனக்கு ஒரு தடவையாவது உதவட்டும்.

இந்தப் பெரிய நாட்டில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவன் தேவைப்பட்டபோது, என்னோடு ஒரே அகதி முகாமில், ஒரே அறையில், மேல்கட்டிலில் படுத்தவன்தான் கிடைத்தான். இதை நான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
சூ. கொட்வின்

—

ஹம்பேர்க்
09.03.2025

மச்சான்,

உன்ர கடிதத்தை நாலு தரம் வாசிச்சிட்டன். வேலை முழுக்கச் சரியா எழுதியிருக்கிறாய். ஒண்டைத்தான் விட்டிட்டாய். மேல் வளையங்கள் காரில கிடந்தது.

“இந்தா, ரெண்டு நிமிசத்தில வாறன்” எண்டு நீ இறங்கிப் போனாய். லிப்ற் பழுது, மூண்டாம் மாடி, சுணங்கும் எண்டு எனக்குத் தெரியும். ஆனா நீ வர இருபத்து மூண்டு நிமிசம். குசினி மணிக்கூட்டையே பாத்துக்கொண்டிருந்தபடியாத் தெரியும்.

மன்னாரில எங்கட வீட்டை ஆமி வந்து தேடினபிறகு நான் துவக்கு ஒண்டுக்குக் கிட்ட இருந்ததில்லை, மச்சான். நீ பக்கத்தில நிண்டபோது அது எனக்கு ஒரு இரும்புச் சாமான், வேலை. நீ கதவைச் சாத்திக்கொண்டு போனதும் அது துவக்காப் போச்சு. குண்டில்லை எண்டு கண்ணால கண்டனான்தான். எண்டாலும் ரெண்டு கையையும் துடைக்குக் கீழ வைச்சுக்கொண்டு கதிரையில இருந்தன். பிளோறன்ஸ் கடையால வந்தா. “என்னப்பா இது மேசையில? ஐயோ, மாதாவே!” எண்டு வாங்கின பாணைக் கீழ போட்டா. “தொடாதை, கொட்வின்ர சாமான், இப்ப வந்திடுவான்” எண்டன். “எங்க போட்டான்?” எண்டு கேட்டா. எனக்குத் தெரியேல்லை.

நீ வந்தாய், வளையங்களைத் தந்தாய். உன்ர முகத்தைப் பாத்தன், ஏன் சுணங்கினனீ எண்டு கேக்காமல் வேலையைத் தொடங்கினன்.

அலுவலகத்தில அந்த “யா, யா” பழக்கத்திலதான் வந்தது, சத்தியமா. ஆனா வாக்குமூலத்தை நான் வாசிக்காமல் கையெழுத்து வைக்கேல்லை. வாசிச்சன். ஒவ்வொரு சொல்லா, விரல் வைச்சு. “தனியே விட்டுப் போனாரா: ஆம்” எண்டு இருந்தது. இதை மாத்தச் சொல்லலாம் எண்டு தெரியும். பேனையைப் பிடிச்சுக்கொண்டு கன நேரம் இருந்தன். அது பொய்யில்லையே, மச்சான்.

அந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதின கடிதத்தைச் சட்டத்தரணிக்கு நேராவே அனுப்பியிருக்கிறன். மற்றதை எழுத என்னால ஏலாது. நீ இனி எனக்கு எழுதாட்டிலும் பரவாயில்லை எண்டு சொல்லமாட்டன். பரவாயிருக்கு. நல்லாப் பரவாயிருக்கு.

உன் மச்சான்,
அருள்

—

கெல்சென்கிர்ச்சன்
02.04.2025

அருள்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முதலில் உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதியிருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன்.

காருக்குப் போனேன். வளையப் பெட்டியை எடுத்தேன். அப்போது தொலைபேசி அடித்தது. மிதுசா. லவினியா என்னை விட்டு மகளோடு பிராங்பேர்ட்டுக்குப் போனபிறகு, அவளாக என்னை அழைத்தது அது இரண்டாவது தடவை. தன் பிறப்புச் சான்றிதழின் பிரதி என்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, அனுப்புகிறேன் என்றேன். அது ஒரு நிமிடப் பேச்சு. அதன் பிறகு நான்தான் விடவில்லை. மழையா என்று கேட்டேன். வேலை எப்படி என்று கேட்டேன். எந்த ரெயிலில் போகிறாய், இருக்க இடம் கிடைக்கிறதா என்று கேட்டேன். “அப்பா, இதெல்லாம் ஏன் கேக்கிறீங்கள்?” என்றாள். சும்மாதான் என்றேன். அவள் ஒரு சக ஊழியரைப் பற்றிப் பகிடியாக ஏதோ சொன்னாள், நான் தேவைக்கு மேலே சிரித்தேன்.

நான் வெளியே போனது தெரியவந்தால், ரிவோல்வர் உன் மேசையில் இருப்பதை மறந்துபோனேன் என்று சட்டத்தரணியிடம்கூடச் சொல்லத் தயாராக இருந்தேன். மறக்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும் நினைவில் இருந்தது. சட்டப்புத்தகத்தின் எந்தப் பந்தியை மீறுகிறேன் என்பதும் தெரியும், பரீட்சைக்குப் பாடமாக்கியவன் அல்லவா. போனை வைத்தால் அவள் திரும்ப எடுக்கமாட்டாள் என்றும் தெரியும். அதனால் வைக்கவில்லை. அவளே, “சரி அப்பா, வைக்கிறன்” என்றாள். அதன் பிறகும் சிறிது நேரம் காருக்குள் இருந்தேன்.

அவள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. சான்றிதழ் கிடைத்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

என் பிள்ளை என்னோடு கால் மணி நேரம் கதைத்தாள் என்பதை ஒரு அலுவலகத்தில், ஒரு படிவத்தில், குற்றத்துக்கு விளக்கமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. உன்மேல் கோபப்படுவது அதைவிட இலகுவாக இருந்தது. ஒன்றரை வருடமும் அதைத்தான் செய்தேன். நீ கையைத் துடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்ததை நான் யோசித்ததே இல்லை. இதைப் பிளோறன்ஸிடமும் சொல்.

வழக்கை மீளப் பெறுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. உன் கடிதம் போதும், வெல்ல வாய்ப்பிருக்கிறது என்கிறார் சட்டத்தரணி. வென்றால் காடு திரும்பக் கிடைக்கும். காடு எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். இதன் கீழே என் பெயரை எழுதினால், இது ஒரு வாக்குமூலம். எவர் கையிலும் போய்ச் சேரலாம். நீ கொடுக்கமாட்டாய், அதை நன்றாக அறிவேன். அறிந்தும் பேனா போகமாட்டேன் என்கிறது. இதற்கு வேறு காரணம் சொல்லி உன்னை ஏமாற்ற விருப்பமில்லை, பயம்தான். உன்னைப்போல வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கிற துணிவு என்னிடம் இல்லை. பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.