அப்பாவின் சிவப்புக் கோடு

அக்டோபர் 3

குதிரைமசாலின் மூன்றாம் அறுவடையும் முடிந்தது. கோஃபர் எலிகள் தள்ளிய மண்குவியலில் மோதி அறுப்பு இயந்திரத்தின் கத்தி மறுபடி உடைந்தது. தம்பி கேலன் காபியை நின்றபடியே குடித்தான். நிலம் எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறதே, அந்தத் தோரணை.

“அக்கா, இந்தத் தடவையும் எலி அடங்கலன்னா குதிரைமசால உழுதுட்டு மக்காச்சோளம்தான். சொல்லிட்டேன்.”

அப்புறம் என் பசுக்கள் எதைத் தின்னும்? அவனுக்கென்ன, அவனிடம்தான் மாடே கிடையாதே.

அக்டோபர் 7

மழை. மண்ணை அள்ளிப் பிடித்தேன், உருண்டை உடையவில்லை. இந்தப் பதத்தில்தான் வளை போடும் கலப்பை இறங்க வேண்டும். காய்ந்தால் வளை இடிந்துவிடும்.

அக்டோபர் 8

பழைய குவியல்களை எல்லாம் இழுத்துச் சமன்செய்தோம். கலப்பைக் காலை, ஆழத்துக்கு அடையாளமாக அப்பா தீட்டிய சிவப்புக் கோட்டில் நிறுத்திப் போல்ட்டை முடுக்கினான் கேலன். பூமிக்கு அடியில் கலப்பை வளையைக் குடைந்துகொண்டே போகும், பின்னாலேயே விஷத் தானியம் விழும். கையுறை போட்டுக்கொண்டு பெட்டியை நிரப்பியவள் நான்.

“ஒரு இடத்துல தோண்டி ஆழம் பாத்துடலாமாடா?”

“அப்பா கோடு போட்டிருக்காரு. அவர விட நீ பெரிய ஆளா?”

வாயை மூடிக்கொண்டேன். அறுபத்தோரு வயதிலும் மூடிக்கொள்கிறேன்.

அக்டோபர் 19

புதுக் குவியல்கள் எழுபத்து மூன்று. வேலிவரை நடந்து எண்ணினேன். அழுகை வந்தது, வயலுக்காக அழுவதும் வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 20

மண்வெட்டியோடு போய்த் தோண்டினேன். எலி வளை ஒன்பது அங்குலத்தில். நாங்கள் போட்டது ஐந்தில்! தானியம் ஒரு மணி குறையாமல் அப்படியே கிடக்கிறது. எலிகள் அதற்குக் கீழே சுகமாகக் குடித்தனம் நடத்துகின்றன.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி மார்வா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே கேட்டேன்.

“வேணும்னே மேலாக வச்சியாடா? மக்காச்சோளம் போடத்தானே?”

“நானா? அப்பா கோட்டுலதானேக்கா வச்சேன்.”

“அப்பா பேரை உன் வாயால சொல்லாத. அவர் படுத்த படுக்கையா கிடந்தப்ப எத்தன நாள் வந்து பாத்த நீ?”

அவன் முகம் வெளுத்துப் போனது. எனக்கு அப்போது நன்றாகத்தான் இருந்தது. உண்மையை எழுதுகிறேன்.

அக்டோபர் 21

அவன் வரவில்லை. வரவே வேண்டாம்.

அக்டோபர் 24

நானே கலப்பையை இறக்க மண்டியிட்டேன். முகத்துக்கு நேரே கலப்பையின் ஆழத்தை நிறுத்தும் சக்கரம்.

ஜூலையில் பழைய சக்கரங்கள் விரிசல் விட்டன. உடைசலில் கிடந்த விதைப்பு இயந்திரத்தின் சக்கரங்களைக் கழற்றி மாட்டினேன். நான்தான். அவை பெரியவை. கலப்பைச் சட்டம் நான்கு அங்குலம் உயர்ந்துவிட்டது, கோடு மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

ஒன்பதில் நான்கு போனால் ஐந்து. கடவுளே. அவனிடம் சொன்னேனா? இல்லை. மாற்றியதே எனக்கு நினைவில் இல்லை.

அக்டோபர் 25

கலப்பைக் காலை நான்கு அங்குலம் இறக்கி ஓட்டினேன். மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தேன். கலப்பை எலிகளின் வளையை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு தீட்டினேன்.

போனை எடுத்தேன். அவன் எண்ணை அழுத்துவதற்குள் பசுக்களுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று போய்விட்டேன். தொட்டி நிறைந்துதான் இருந்தது.

நவம்பர் 9

புதுக் குவியல்கள் நான்கே. மார்வா போனில் பேசினாள். “வயலை நீயே வச்சுக்கோன்னுட்டார். இனிமே ஒண்ணும் கேக்க மாட்டாராம்.”

ஜெயித்துவிட்டேன், அப்படித்தானே?

நவம்பர் 27

நன்றி நாள் விருந்துக்கு இந்த வருஷம் நான் மட்டும்தான். வான்கோழியைச் சின்னதாக வாங்கியிருக்கலாம்.

ஏப்ரல் 12

டிராக்டரோடு கேலன் வந்தான். அவன் தோட்டத்திலும் எலி. கலப்பை வேண்டுமாம். ‘அக்கா’ என்று கூப்பிடவில்லை.

கலப்பையை டிராக்டரில் பூட்டிவிட்டுக் குனிந்தவன் வெகுநேரம் எழவில்லை.

“சக்கரம் மாத்தியிருக்கே.”

“ஆமா.”

“எப்ப?”

பொய் சொல்லியிருக்கலாம். “ஜூலைல” என்றேன்.

புதுக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். “என் வீட்டுக்குச் சண்டைக்கு வந்த அன்னிக்கே தெரியுமா?”

“நாலு நாள் கழிச்சு.”

“ஆறு மாசம் ஆச்சு” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பூட்டின முளையை உருவினான். கலப்பையை என் களத்திலேயே விட்டுவிட்டு வெறும் டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனான்.

குதிரைமசால் கணுக்கால் உயரம் வந்திருக்கிறது. வயலில் ஒரு குவியல்கூட இல்லை.