வைக்கத்துக் கொடுவா

ஜனவரி 9, 1978. திங்கள்

அரசு வக்கீல் நியமனம் வந்துவிட்டது. வைகுண்டராஜ். என்னிடம் ஜூனியராக இருந்தபோது ஒரு வாய்தா மனுகூடத் தப்பில்லாமல் எழுதத் தெரியாதவன். கோர்ட் வளாகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். என் முன்னால் வந்து, "அண்ணே, நீங்க வாழ்த்தினாத்தான் எனக்கு நிறையும்" என்றான். சர்க்கரை வியாதி என்று சொல்லி மறுத்தேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. ரத்தக் கொதிப்புதான்.

ஜனவரி 12

முருகம்மாள் உப்பில்லாமல் சமைக்கிறாள், டாக்டர் சொன்னபடி. பேச்சிலும் உப்பில்லை. அது டாக்டர் சொல்லி வந்ததல்ல. நாலு வருஷமாக இருக்கிறது.

ஜனவரி 15. ஞாயிறு

கோர்ட்டைத் தவிர வேறு எதிலாவது மனதைச் செலுத்தச் சொல்கிறார் டாக்டர். பரணில் எஸ்டேட் மானேஜர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்த தூண்டில் கம்பு கிடக்கிறது. சுருள் வைத்த சீமைத் தூண்டில். கூடவே ஒரு தகரப் பெட்டி நிறைய மரத்தில் செய்த பொய் மீன்கள், கண்ணும் செதிலும் வரைந்தவை. இரை வேண்டாம், எறிந்து இழுத்தால் உயிருள்ள மீன் என்று ஏமாந்து பெரிய மீன் கடிக்குமாம். உலகத்தில் நடப்பதுதான்.

கோட்டயம் பஸ் கண்டக்டர் சீனிச்சாமி வந்திருந்தான். "இது கொடுவாப் பிடிக்கிற சாமானாச்சே சார். வைக்கத்துல வேலாயுதன்னு ஒருத்தன் இருக்கான். தொரைமாரைப் படகுல கூட்டிட்டுப் போயி இதைத்தான் பழக்கிவிடுறான். சொல்லிவைக்கவா?" என்றான்.

வைக்கம் என்று சொன்னபோது அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கவனித்தேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். கொடுவா உப்பங்கழி மீன். வைகை அணையில் கிடைக்காது. வைக்கம் போவது மீனுக்காக. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 16

எழுதி வைக்க வேண்டிய இன்னொன்று. போடி ஏலக்காய்க் கம்பெனியில் வேலை பார்த்த ஜோஸ் என்ற வைக்கத்து மலையாளியோடு என் மகள் சொர்ணலதா போய் கோட்டயத்துச் சர்ச்சில் மாலை மாற்றியபோது, பங்காளிகள் அத்தனை பேர் நடுவில் நான் சொன்னேன்: அந்த வீட்டில் நானும் என் பெண்டாட்டி முருகம்மாளும் கை நனைக்க மாட்டோம். நனைக்கவில்லை. ஒரு பேத்தி பிறந்தாள் என்று காதில் விழுந்தபோதும் நனைக்கவில்லை. பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன் நான் ஒருவன்.

ஜனவரி 22. ஞாயிறு

முள்ளைக் கழற்றிவிட்டு, நெல் அடிக்கும் களத்தில் எறிந்து பழகினேன். காவல்காரன் ஒச்சாண்டி வரப்பில் நின்று அடுத்த காட்டுக்காரனைக் கூப்பிட்டான். "ஏலே, இங்கன வந்து பாரு. வக்கீலய்யா களத்துல மீன் பிடிக்காக. வைக்கப்போருக்குள்ள கெடக்குதாம்."

திட்டவில்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

பிப்ரவரி 4, சனி. வைக்கம்

வேலாயுதன் வாய் ஓயாதவன். கம்பத்தில் சில வருஷம் மிட்டாய்க்கடையில் இருந்ததால் ஒரு மாதிரித் தமிழ் வருகிறது. பாட்டு, அரசியல், அவன் மச்சினனின் மூலநோய், எல்லாம் படகில் ஏறிய சிறிது நேரத்திற்குள் முடிந்தது. கொடுவாயை இங்கே காளாஞ்சி என்கிறார்கள்.

"சாரே, பதுக்கெ, மெல்ல. இழு, நிறுத்து. செத்த மீன் போலெ கொஞ்சம் கெடக்கட்டும். பின்னெ இழு."

எனக்கு நிறுத்துவதுதான் வரவில்லை. எறிந்ததும் வேகமாக இழுத்துவிடுகிறேன்.

"கோர்ட்டில் வாய்தா வாங்குன ஆளல்லே? இங்கெ மாத்ரம் எந்தா அவசரம்?" என்றான். அவன் அண்ணன் ஒரு நில வழக்கைத் தோற்றவனாம். வக்கீல்கள் மேல் அவனுக்குத் தனி அன்பு.

காயலின் வளைவில், நீருக்குள் படி இறங்கும் ஓட்டுவீடு ஒன்று. எந்த வீடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. ஆனால் கொடியில் ஒரு சுங்குடிச் சேலை காய்ந்தது. அரக்கு நிறம். இந்தப் பக்கத்தில் சுங்குடி யார் கட்டுகிறார்கள்?

படகை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். அங்கே ஆழமில்லை, மீன் வராது என்றான். நிறுத்தச் சொன்னேன்.

மீன் வரவில்லை.

பிப்ரவரி 5

பஸ்ஸில் வரும்போது சேலையைப் பற்றி முருகம்மாளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. "மீன் கெடச்சுதா?" என்று கேட்டாள். அவளாக ஒன்று கேட்டு வெகுநாளாகிறது.

பிப்ரவரி 19. ஞாயிறு, பஸ் ஸ்டாண்டு லாட்ஜ், கோட்டயம்

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

காலையில் சீனவலை கட்டிய மரக்கால்களுக்குப் பக்கத்தில் மீன் கடித்தது. நிறுத்தி இழுக்கிற அந்தக் கணத்தில் கம்பு வளைந்தது. நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது, வெள்ளிக் குடம் போல. செவுளைத் தொட்டு விரலை அறுத்துக்கொண்டேன். வேலாயுதன் பாட்டுப் பாடினான். நானும் சிரித்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. ஓட்டுவீட்டுப் படியில் படகை விடச் சொல்லி, "இந்த மீனைக் கொண்டுபோய் அந்த வீட்டில் கொடு" என்றேன்.

"அவிடெயா? இப்பளா?"

"சொன்னதைச் செய்."

படகிலேயே உட்கார்ந்திருந்தேன். முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். கையில் மீன் அப்படியே தொங்குகிறது.

"வேண்டா பறஞ்ஞு. சாரே, அது எந்தான்னா—"

"போதும். படகை எடு."

"கேளு சாரே—"

"எடுடா."

படகு நகர்ந்தபிறகு படியில் யாரோ ஓடி வந்து கூப்பிட்டார்கள். வேலாயுதன் துடுப்பை நிறுத்தி, "சேச்சி விளிக்குன்னு" என்றான். ஓட்டு என்றேன். அப்பா என்று கேட்டது. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கொடுத்து அவ வேண்டாம்ங்கறா. பெத்தவன் விரலை அறுத்துக்கிட்டுப் பிடிச்ச மீனு. நாயி தின்னட்டும்.

பிப்ரவரி 20

கோர்ட்டில் இரண்டு வழக்கு. இரண்டும் தள்ளுபடி.

பிப்ரவரி 26

சாப்பாட்டில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன். முருகம்மாள் பேசாமல் எடுத்தாள். பொறுக்க முடியவில்லை. "உம் மக நான் குடுத்த மீனைத் திருப்பி அனுப்பிட்டா. தெரியுமா?" என்றேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "எப்ப?"

சொன்னேன்.

"மாசி மாசம் கவுச்சியக் கொண்டுபோயிக் குடுத்தா என்ன செய்வாக? ஈஸ்டர் வரைக்கும் அம்பது நாளு நோம்பு. மீனு, கறி, முட்டை எதுவும் அந்த வீட்டுக்குள்ள போகாது. அவளும்தான் நோம்பு பிடிக்கிறா. நாலு வருசமாப் பிடிக்கிறா."

"உனக்கு யாரு சொன்னா?"

"சீனிச்சாமி வாரம் ரெண்டு தடவ அங்கன போயிட்டு வாரான்." பிறகு, "எனக்குக் காது இருக்கு. ஒங்களுக்கு வாய் மட்டும்தான்" என்றாள்.

வேலாயுதன் இதைத்தான் சொல்ல வந்திருக்கிறான். ஊரில் அத்தனை பேரின் பேச்சையும் குறுக்கு விசாரணை செய்கிறவன், ஒருத்தனை ஒரு வாக்கியம் முடிக்கவிடவில்லை.

மார்ச் 5

ஈஸ்டர் 26ஆம் தேதி. காலண்டரில் பார்த்தேன்.

மார்ச் 19

முருகம்மாள் சொன்னாள்: ஜோஸுக்குக் குவைத்தில் வேலை. ஈஸ்டர் முடிந்த வாரம் பிள்ளையோடு மூன்று பேரும் கிளம்புகிறார்கள். என்றைக்கு என்று தெரியவில்லை.

"நீங்க மறுபடி மீன் பிடிக்கப் போவீகளா?"

போவேன் என்றேன். நோன்புதான் முடிந்துவிடுமே.

மார்ச் 27. திங்கள்

மஞ்சள் பையில் முருகம்மாள் தன் சேலை இரண்டை மடித்து வைத்திருந்தாள். "நானும் வரேன்" என்றாள்.

மீன் பிடிக்கிற இடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவள் சேலைகளை மறுபடி பெட்டியில் வைத்தாள்.

அவள் வந்தால் நேராக வீட்டுக்குள் போய்விடுவாள். அப்புறம் நான் என்ன சொல்லிக்கொண்டு போவது?

மார்ச் 29. வைக்கம்

நாள் முழுவதும் எறிந்தேன். கடிக்கவில்லை. கொடியில் சுங்குடி இல்லை. சின்னக் கவுன்கள் காய்ந்தன.

வேலாயுதன் பாடவில்லை. "சாரே, ஞான் ஒரு காரியம் பறயட்டே? மீன் இல்லாமெ போ. கதவு அவிடெ தன்னெ உண்டு" என்றான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை.

வெறும் கையோடு போனால் நான் தோற்றவன். மீனோடு போனால் மீன் கொடுக்க வந்தவன். இந்த வித்தியாசம் படகோட்டிக்குப் புரியாது.

மார்ச் 30

இன்றும் இல்லை. தண்ணீர் கலங்கியிருக்கிறது.

சாயங்காலம் வளைவில் ஒரு வள்ளம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போயிற்று. குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள், முகம் தெரியவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் போல. வேலாயுதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாரே, இன்னும் வாய்தாவோ?" என்றான்.

எறிந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 31. வெள்ளி

விடிந்ததும் பிடித்தது. போன தடவையைவிடப் பெரியது. நானே தூக்கிக்கொண்டு படியேறினேன்.

ஜோஸின் அம்மா மட்டும் இருந்தாள். வெள்ளைச் சட்டை, முண்டு, காதில் பெரிய வளையம். யார் என்று அவள் கேட்கவில்லை. மீனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலமே போய்விட்டார்கள் என்றாள். எர்ணாகுளத்தில் ரயில், பம்பாய், அப்புறம் விமானம். இரண்டு வருஷம் கழித்துத்தான் லீவு.

உள்ளே கூப்பிட்டாள். உட்கார்ந்தேன். அவள் மீனை வெட்டிக் குழம்பு வைக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். சுவரில் என் பேத்தியின் படம். முருகம்மாளின் நெற்றி.

இலை போட்டாள். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2. ஞாயிறு

நேற்று வந்து சேர்ந்தேன். அவர்கள் போனதைச் சீனிச்சாமி நான் வருமுன்பே வீட்டில் சொல்லியிருக்கிறான். முருகம்மாள் ஒன்றும் கேட்காமல் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

இன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"அங்கன கை நனைச்சீகளா?"

"ம்."

"என்ன வச்சாக?"

"மீன் கொழம்பு."

"அவுக கொடம்புளிதான போடுவாக."

"இல்ல. நம்ம புளி. சொர்ணம் பழக்கிவிட்டிருக்கா. வெந்தயம் தாளிச்சு, சின்ன வெங்காயம் அரைச்சு விட்டு."

"ஒறப்பு?"

"உன் ஒறப்புதான்."

எழுந்து அடுப்படிக்குப் போனாள். மோர் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தமே இல்லை. கூப்பிடவில்லை. சோற்றுக் கை காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.