ஐந்தாவது படத்தின் கொலைகாரன்

அடப்பாவி,

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு ஈசிசேரில் சாய்ந்து போனைத் தட்டினால், நம் துப்பறியும் பட வரிசையின் ஐந்தாவது படம் வந்து நிற்கிறது. அதே கறுப்பு வெள்ளை, அதே தொப்பி. வரிசையிலேயே மட்டம் என்பார்கள். உண்மைதான், துப்பறிபவர் பாதி நேரம் பாட்டுப் பாடுகிறார். ஆனாலும் கண் கொட்டாமல் பார்த்தேன்.

முதல் நான்கு படங்களையும் எனக்குக் கெடுத்தவன் நீ. நீடாமங்கலத்துக்குப் படம் வருவதற்குள் மன்னார்குடிக்குப் பஸ் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, கொலைகாரன் யார் என்று என்னிடம் போட்டு உடைப்பதில் உனக்கு அப்படியொரு சந்தோஷம். ஒரு தடவையாவது நானே கண்டுபிடிக்க ஆசைப்பட்டேன். அது தெரிந்துதான் செய்தாய்.

ஐந்தாவதற்கு உன் கண்ணில் படாமல் வயலிலேயே கிடந்தேன். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த கையில் முழங்கை வரை சேறு. நீ வரப்பில் வந்து நின்று, "டேய், டாக்டர்தான்டா!" என்று கத்தினாய். சேற்றுக் கையாலேயே காதைப் பொத்தினேன். காதுக்குள் சேறு போனதுதான் மிச்சம். பக்கத்து வயலில் நடவு நட்ட பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். படத்துக்கே நான் போகவில்லை. ஐம்பது வருஷமாக உன் டாக்டரை நம்பியிருந்தேன்.

இன்று பார்த்தால், இடைவேளை முடிந்த கையோடு அந்த டாக்டரும் செத்துப் போகிறார்!

நேராக உன் வீட்டுக்குப் போய் உன் மனைவியிடம் கேட்டேன். தங்கச்சி சிரித்துவிட்டது.

"அன்னைக்கு இடைவேளையோட கரண்ட் போயிடுச்சாம்ண்ணே. பாதியில வந்தேன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டாராம். படம் நம்ம ஊருக்கு வந்தப்பவும், போனா முழுசா பாக்கலைன்னு நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு போகல. ஆஸ்பத்திரியிலகூட 'யாரா இருக்கும், யாரா இருக்கும்'னு கேட்டுக்கிட்டே இருந்தார். யாருண்ணே அது?"

எனக்கு வயிறு குளிர்ந்தது. தங்கச்சியிடம் பெயரைச் சொல்லிவிட்டேன். தினமும் காலையில் உன் போட்டோவுக்குப் பூ வைக்கும்போது ஊர்க்கதை எல்லாம் உன்னிடம் சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதனால், "இதை மட்டும் அவன்கிட்ட சொல்லக் கூடாது" என்று உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன்.

உன் காதில் கத்திச் சொல்ல நீ இல்லையே என்பதுதான் எனக்கு ஆத்திரம். நீ இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். கட்டையில் போகிறவரை அந்தப் பெயர் எங்கள் ரெண்டு பேரோடு இருக்கும்.

டாக்டர் இல்லை. அவ்வளவுதான். கிடந்து தவி.