எலிக்கு ஊட்டிய கை

மேடம்,

நேற்று செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்துக் காப்பிக் கடை மாடியிலிருந்து உருக்கிய நெய் மணம் வந்தது. வாசல் பலகையில் 'நெய்யும் மன அமைதியும்' என்று எழுதியிருந்தது. படியேறாமல் இருக்க முடியுமா?

பாய் விரித்து முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "தினம் நெய் சாப்பிட்டா பயம் போயிடும். எலிங்கள வச்சி நிரூபிச்சிட்டாங்க" என்றார் பேசியவர். நீங்கள் போய் மூன்று கார்த்திகை ஆகிவிட்டது. இருந்தும் பக்கத்தில் நீங்கள் இருப்பதுபோலத் திரும்பிப் பார்த்தேன்.

நாற்பது வயதுக்குமேல் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்தவர் நீங்கள். எட்டாவதோடு நின்று, கல்லூரி எலி அறையில் கூண்டு கழுவியவன் நான். நெய் பயத்தைப் போக்குமா என்று பார்க்க, ஒரு கூட்டத்துக்கு நெய் கலந்த தீவனம், இன்னொன்றுக்குச் சாதாத் தீவனம். சாதாவைக் கூண்டின் தொட்டியில் கொட்டினால் வேலை முடிந்தது. நெய்த் தீவனம் உதிர்ந்து ஒழுகும். அதனால் உருண்டை பிடித்து, இரண்டு வேளையும் ஒவ்வொரு எலிக்கும் கையாலேயே கொடுத்தேன்.

சோதனைக்கு, இடுப்பு உயரத்தில் கூட்டல் குறிபோல் ஒரு பலகை. இரண்டு கிளைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு கிளைகள் திறந்தவெளி. பயந்த எலி சுவருக்குள் பதுங்கும். சாதா எலிகள் அப்படித்தான் பதுங்கின. நெய் எலிகளோ திறந்தவெளிக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தன. கை தட்டினீர்கள்.

"நெய்யி இல்லீங்க மேடம், என் கையி. தினம் தொட்டுத் தொட்டு அதுங்களுக்கு மனுசங்க பயம் போயிடுச்சி" என்றேன்.

உங்கள் பேராசிரியர் சிரித்தார். "எலிக்கு வக்கீலு வந்துட்டாரு! போய் கூண்ட கழுவுப்பா."

அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அன்று நீங்கள் வாய் திறக்காததையும்தான்.

மறுநாள் பௌர்ணமி. பேருந்தை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து வியர்க்க வியர்க்க நடந்து வந்தீர்கள். "அண்ணே, புது எலி, புதுக் கணக்கு. ரெண்டு கூட்டத்துக்கும் நீங்களே உருண்டை புடிங்க."

"பட்டம் தள்ளிப் போவுமே மேடம்?"

"போவட்டும். பொய்யா வர்ற பட்டத்த எங்க மாட்டறது?"

ஒரு வருஷம் தள்ளிப் போனது. எலிக்குச் சோறூட்டும் மேடம் என்று உடன் வேலை பார்த்தவர்களே கேலி செய்தார்கள். சாதா மாவை நான் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். அதே கை, அதே வேளை. இரண்டு கூட்டமும் ஒன்றுபோலத்தான் நடக்கும் என்று அடித்துச் சொன்னேன்.

சோதனை நாளில் சாதா எலிகள் திறந்தவெளியின் நுனிவரை ஓடின. நெய் எலிகள் போன தடவைபோலவே கொஞ்சம் எட்டிப் பார்த்ததோடு சுவருக்குள் திரும்பிவிட்டன. ஒன்று மூக்கை நீட்டிவிட்டு உடனே இழுத்துக்கொண்டது! வாரக்கணக்கில் தின்ற கொழுப்பு அதுகளை மிரள வைத்திருந்தது. முதல் தடவை அந்த மிரட்சியை மறைத்தது, நெய் எலிகளுக்கு மட்டும் கிடைத்த என் கை.

"நாம ரெண்டு பேருமே தப்புண்ணே!" என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் குதித்தீர்கள்.

"நீங்க முழுசா. நான் பாதிதான்" என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

"இது நம்ம எலிக்கு, நாம குடுத்த அளவுக்கு. மனுசங்களுக்கு அப்படியே தூக்கிட்டுப் போவக்கூடாது" என்றும் சொன்னீர்கள்.

அச்சான ஆய்வேட்டில் ஒரு வரி இருந்தது: இரு கூட்டத்துக்கும் ஒரே நபர் கையால் உணவளித்தார். அந்த நபருக்குப் பெயர் இல்லை. அதற்காக ஒரு மாதம் உங்களோடு பேசாமல் இருந்தேன்.

நேற்று எழுந்து நின்றேன். "ஐயா, நெய் எலிக்கு யார் ஊட்டினது? சாதா எலிக்கு யாரு? ஒரே கையா?"

அவர் விழித்தார். "பெரியவரே, நீங்க டாக்டருங்களா?"

"இல்லீங்க. ஊட்டினவன்."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தெரியலீங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

செவ்வாய்தோறும் அங்கே பேசுகிறாராம். பதில் வரும்வரை முன்வரிசைப் பாய் எனக்குத்தான், மேடம்.