திருப்பி வைத்த கல்

என் பிரியத்துக்குரிய அண்ணா,

நீ போய் ஒரு வருடமும் சில நாட்களும் ஆகின்றன. இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். சனி ஞாயிறுகளில் கார்கள் மலையேறி வந்து, கொண்டை ஊசி வளைவுகளில் நின்று, ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்துவிட்டு இறங்கிப் போகின்றன. மஞ்சக்குட்டை ஊருக்குப் போகும் உன் ஜீப்பை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். கண்ணாடியில் நீ ஒட்டிய 'இயேசு நல்லவர்' ஸ்டிக்கரை அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் சேர்வராயன் சாமி படம் ஒன்றை ஒட்டியிருக்கிறார். இருவருக்கும் இடையே இதுவரை தகராறு எதுவும் இல்லை.

உன் கல்லைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதில் ஒரு தவறு நடந்துவிட்டது. தவறு என்னுடையது. வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஓராண்டு நினைவு நாளில் கல்லறையில் கல் பதித்து, ஜெபம் பண்ணி, நாலு பேர் நாலு வார்த்தை பேசி, டீயும் பன்னும் சாப்பிட்டுக் கலைவது நம் சபை வழக்கம். கல்லில் என்ன எழுதுவது என்பதில்தான் குடும்பங்கள் திணறும். நம் கல்லறைத் தோட்டத்தில் வெறும் பெயரோடு படுத்திருப்பவர்கள் குறைவு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முன்னாள் கவுன்சிலர், சபைக் கமிட்டியின் முன்னாள் செயலாளர். கடைசி நாளில் செத்தவர்களைப் பதவி வரிசைப்படிதான் எழுப்புவார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தோட்டத்தில் கணக்கெழுதிய நம் அப்பாவின் கல்லில் 'எஸ்டேட் ரைட்டர்' என்று போடச் சொன்னவனும் நான்தான்.

உனக்கு என்ன போடுவது? ஜீப் டிரைவர் என்று போட எனக்குக் கூச்சமாக இருந்தது. பெயரும் இரண்டு தேதியும் போதும் என்று அண்ணி சொல்லிவிட்டார். சேலத்தில் கல் செதுக்கும் மாதையனிடம் தேதிகளைப் போனில் சொன்னேன். பெயரை எழுதி அனுப்பச் சொன்னார். வாரம் தவறாமல் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதுகிற எனக்கு அன்றைக்கு இரண்டு சொல் எழுதச் சோம்பல். போனில் ஒரு பழைய நோட்டீஸின் படம் கிடந்தது. அதில் உன் பெயர் இருந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து, 'இதில் உள்ளபடியே போடவும்' என்று அனுப்பிவிட்டேன்.

எந்த நோட்டீஸ் என்று உனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். குப்பனூரில் வருடாவருடம் நடக்கும் நற்செய்திக் கூட்டத்து நோட்டீஸ். ஆண்டவர் தங்களை மாற்றிய கதையைச் சாட்சியாகச் சொல்ல வருகிறவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். முன்னாள் மந்திரவாதி சகோதரர் இன்னார். முன்னாள் ரவுடி சகோதரர் இன்னார். மூன்றாவதாக நீ.

நினைவு நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மாதையன் கல்லைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு குப்பனூர் வழியாக வந்து சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்திலேயே இறக்கினோம். சாக்கைப் பிரித்தால் பளபளக்கும் கறுப்புக் கல்லில் முத்து முத்தான எழுத்து:

முன்னாள் குடிகாரர்
சகோ. ஞா. தேவராஜ்

மாதையன் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

"ஏனுங்க, இதைப் படிச்சுப் பார்த்துத்தான் செதுக்குனீங்களா?" என்றேன்.

"படிக்காம எப்படிங்க? நீங்கதானுங்க 'உள்ளபடியே'ன்னு போட்டிருந்தீங்க. ஒரு எழுத்து உடலீங்க."

"முன்னாள் குடிகாரருன்னு யாராவது கல்லுல போடுவாங்களா?"

"உங்க ஆளுக முன்னாள் கவுன்சிலருன்னு போடறாங்க. முன்னாள் செயலாளருன்னு போடறாங்க. இதும் சர்ச்சுல ஒரு போஸ்டிங்காட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. 'ர்' போட்டு மரியாதையாத்தானுங்க இருக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணா. மறைக்கவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கல்லின் பக்கத்தில் நின்றபடியே அந்த வாரப் பக்கத்துக்கு முதல் வரி மனதில் ஓடத் தொடங்கிவிட்டது. அண்ணி என் முகத்தைப் பார்த்தார். இருபது வருடமாக என்னைப் பார்த்து வருகிறவர்.

"இதையும் எழுதுவீங்களா தம்பி?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் பாஸ்டர் வந்துவிட்டார். கல்லைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அவர் நல்ல மனிதர் என்பது உனக்குத் தெரியும். எதிலும் ஊழியத்துக்கு உதவுகிற பக்கத்தைத்தான் பார்ப்பார்.

"பிரதர், யோசிச்சுப் பார்த்தா இதுவும் ஒரு சாட்சிதானே? வர்றவங்க போறவங்க படிச்சு நாலு பேரு திருந்துவாங்க. அப்படியே உட்டுடலாமா?"

அண்ணி அவரிடம் குரலை உயர்த்தவில்லை. "உங்க கல்லுல முன்னாள் என்னன்னு போடறதுங்க, பாஸ்டரய்யா?" என்று மட்டும் கேட்டார்.

பாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையில் அவருக்கு ஏதோ நினைவு வந்திருக்க வேண்டும். மற்ற ஏற்பாடுகளைக் கவனிக்கப் போய்விட்டார்.

கல் செதுக்குகிறவர் ஒரு நாளில் செய்த காரியத்துக்கு எல்லாரும் அதிர்ந்தோம். நான் அதையே வாரந்தோறும் செய்துகொண்டிருந்தேன். என் பத்திரிகைப் பக்கத்தில் உன்னை வைத்து நான் எழுதிய குடிகாரன் தள்ளாட்டம் தங்கராசு யார் என்று இந்த மலையில் கேட்காத ஆளில்லை, தெரியாத ஆளும் இல்லை. நீ போகும்போது குடியை விட்டுப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. தங்கராசு ஒரு வாரம்கூட விடவில்லை. ஒண்டிக்கடை ஸ்டாப்பில் ஜீப்பில் ஏறுகிறவர்கள், நிதானமாக உட்கார்ந்திருக்கும் உன்னைப் பார்த்து, "ஏனுங்க தங்கராசு, வண்டி நேராப் போகுமுங்களா?" என்பார்கள். நீ கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு கியர் போடுவாய்.

எப்படி விட்டாய் என்று ஒருமுறை உன்னைக் கேட்டேன். பெரிய அற்புதம் ஏதாவது சொல்வாய், எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "கூட்டத்துல பின்வரிசையில உக்காந்திருந்தன் சாமி. ஆண்டவருக்கு நீ வேண்டியவன்னு சொன்னாங்க. அதுக்கு முன்னால என்னைய யாரும் அப்படிச் சொல்லலை. அதான்" என்றாய். அற்புதம் அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதற்குப் பிறகு உன்னை ஊர் ஊராகச் சாட்சி சொல்லக் கூட்டிப்போனார்கள். அப்பாவை அடக்கம் செய்த அன்று நீ ஒண்டிக்கடையில் விழுந்து கிடந்த கதைதான் எல்லாருக்கும் பிடித்தது. அழுவார்கள், கைதட்டுவார்கள், மறுவருடம் அதையே கேட்பார்கள். ஒரு குப்பனூர்க் கூட்டத்தில் மைக்கை வாங்கி நீ சொன்னாய்: "நான் தேவராஜுங்க. ஆண்டவரோட பிள்ளை. அவரு மறந்துட்டதை நான் எதுக்கு வருசாவருசம் ஞாபகப்படுத்தோணும்? அவ்வளவுதானுங்க." உட்கார்ந்துவிட்டாய். கூட்டம் விடுகதைக்கு விடை சொல்லாமல் போனவரைப் பார்ப்பதுபோல உன்னைப் பார்த்தது. அடுத்த வருட நோட்டீஸில் உன் இடத்தில் சினிமாவில் சண்டை போட்ட ஒருவர் வந்துவிட்டார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் உன்னை நான் சீண்டினேன். ஆளைத் திருத்தின கதையைச் சொல்ல என்ன வெட்கம் என்றேன். "குடிகாரன்ங்கறதும் நான் இல்ல, குடிய உட்டவன்ங்கறதும் நான் இல்ல. ரெண்டுலயும் குடிதான் முன்னால நிக்குது. ஆண்டவரு என்னைய எப்படிக் கூப்பிடறாரோ அதுதான் நான்" என்றாய். இதை நான் எங்கும் எழுதவில்லை. தங்கராசுவின் வாயில் இது பொருந்தவில்லை.

இன்னொரு நாள், ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருந்த உன்னிடம், என் பக்கத்தைப் படிக்கிறாயா, கோபம் இல்லையா என்று பட்டும் படாமலும் கேட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதுபோல ஒரு தோரணை மட்டும். நீ நட்டை முறுக்கிக்கொண்டே, "என்மேல எழுதியிருந்த பெருசையே அவரு அழிச்சுட்டாரு. நீ எழுதறது சின்னது. எழுதினாலும் நிறுத்தினாலும் நீ என்னோட தம்பிதான். போய்ச் சாப்பிடு சாமி" என்றாய். கேட்காமல் வந்த மன்னிப்பு பெரிய பீரோ மாதிரி. வீட்டில் எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. போகிறபோதும் வருகிறபோதும் இடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கல்லுக்கு வருகிறேன். புதுக் கல் செதுக்க நாள் இல்லை. மாதையன்தான் வழி சொன்னார். "பின்னாடி பக்கமும் பாலீஷ் போட்டதுதானுங்க. திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் செதுக்கிடறன். இந்த எழுத்தை வேணா கொத்தி அழிச்சுடட்டுமுங்களா?"

நான் சரியென்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி குறுக்கிட்டார். "அழிக்க வேண்டாமுங்க. அது பொய் ஒண்ணும் இல்லையே. திருப்பி வெச்சாப் போதும்."

"மேல என்ன போடட்டுமுங்க?"

"பேரும் ரெண்டு தேதியும். அவரைக் கூப்பிடறவருக்குப் பேரு தெரியும்."

மாதையன் உளியை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் முடித்தார். கல்லைத் திருப்பிப் பதிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. ஒரு மூலையை நான் பிடித்தேன். இறங்கும்போது பழைய எழுத்து ஒரு கணம் கண்ணில் பட்டது. அப்புறம் அது மண்ணைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

நினைவு நாள் வந்தது. ஜெபம் முடிந்ததும் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தபோதே ஒரு மெல்லிய சிரிப்பு கூட்டத்தில் தயாராக இருந்தது. தங்கராசுவின் தம்பி பேசப் போகிறான் அல்லவா? அப்பாவின் அடக்கக் கதையைத்தான் எதிர்பார்த்தார்கள். நான் அதை மூன்று முறை மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். மூன்றிலும், 'அண்ணன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை' என்ற வரி வரும்.

அந்த வரி பொய், அண்ணா. பெட்டியை மூடுவதற்கு முன் ஒருவர் வந்து, நீ ஒண்டிக்கடையில் கிடக்கிறாய், தண்ணீர் தெளித்துத் தூக்கி வந்துவிடலாமா என்று என்னிடம் கேட்டார். நேரம் இருந்தது. வண்டியும் இருந்தது. "கெடக்கட்டும்" என்றேன். அன்றைக்கு அப்பாவுக்கு ஒரு நல்ல மகன் போதும் என்று எனக்குத் தோன்றியது. நல்ல மகனாகத் தெரிவதற்கு நீ அங்கே இல்லாமல் இருப்பது தேவையாக இருந்தது. அதற்குப் பிறகு நான் யார் என்பதற்கெல்லாம் நீ அங்கே இல்லாததுதான் ஆதாரம்.

கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். நன்றாகப் பேசவில்லை. நகைச்சுவை எதுவும் வரவில்லை. இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை. பாஸ்டர் சீக்கிரமே டீ கொடுக்கச் சொல்லிவிட்டார்.

அண்ணி பன்னோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவருக்குத் தெரியும் தம்பி."

"எது?"

"நீங்க 'கெடக்கட்டும்'னு சொன்னது. உங்ககிட்டக் கேக்க வந்தவரு தெனம் அவரு ஜீப்புல போறவருதானுங்க. மறுவாரமே சொல்லிட்டாரு. இவரு ரெண்டு நாள் சாப்பிடலை. குடிய உட்ட பொறகு, ஒருநாள் ஜெபம் பண்ணி எந்திரிச்சவரு, 'அவனைய மன்னிச்சு உட்டுட்டேன்'னாரு. அதோட சரி. சாப்பிடுங்க."

ஆக, ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருந்த அன்றைக்கு உனக்கு எல்லாம் தெரியும். 'நீ எழுதறது சின்னது' என்றாயே, பெரியது எது என்று தெரிந்துதான் சொன்னாய். தெரிந்துகொண்டேதான் என்னைத் தம்பி என்றும் சொன்னாய். உன்னை அப்படிக் கூப்பிட்ட ஆண்டவரிடம் இருந்துதான் இதைக் கற்றிருக்க வேண்டும். நான் சாட்சிக் கூட்டங்களில் வருடக்கணக்கில் பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். விஷயம் காதில் விழ இவ்வளவு நாளாகிவிட்டது. பன்னைச் சாப்பிட்டேன்.

இதை எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு ஒரு வரியை அடித்தார். நல்ல வரி. போகட்டும்.

தங்கராசு இனி வரமாட்டான் என்று பத்திரிகைக்குச் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வருத்தம், வாசகர்கள் கேட்பார்களாம். உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். என்னை யாரென்று யாராவது கேட்டால், உன்னை விழவைத்து உன்மேல் ஏறி நின்று பதில் சொல்ல மாட்டேன். முன்னாள் என்று தொடங்கும் எதையும் என் கல்லில் போட வேண்டாம் என்று மாதையனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இம்முறை எழுதியே கொடுத்திருக்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு வந்து உன் கல்லைக் கழுவி, பூ வைத்துவிட்டுப் போவேன். திருப்பிப் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உனக்கு எல்லாம் தெரிந்த பிறகும்
உன் தம்பி,
சாமுவேல்